15 வாரம், 5 பேர், 7 நிமிடக் குறும்படம்: விஸ்காம் ப்ராஜெக்ட்டை எப்படிப் பிரிப்பது?

விஸ்காம்_ஆறாவது_செம்

எல்லாருக்கும் வணக்கம். பி.எஸ்சி. விஷுவல் கம்யூனிகேஷன் கடைசி செமஸ்டர். குறும்படத் தயாரிப்பு முழுக்கச் செய்முறைத் தாள், எழுத்துத் தேர்வு கிடையாது. டிசம்பரில் தொடங்கி 15 வாரம். ஒரு டீமுக்கு 5 பேர். முடிவில் 7 நிமிடத்துக்கு மிகாத படமும் தயாரிப்புக் கோப்பும் கொடுக்கணும்.

எங்க கதை: வாடகை வீட்டைக் காலி பண்ற நாள். வயசான அம்மா, மகள், ரெண்டே பேர். காலையில் சாமான் நிறைஞ்ச வீடு, சாயங்காலம் வெறும் சுவர். நடுவுல தெருமுனை டீக்கடையில் ஒரு சீன். வீடு கிடைச்சாச்சு. பெரிய அறை 10க்கு 12 அடி, மொசைக் தரை.

டிபார்ட்மென்ட்ல தர்றது: ஏபிஎஸ்-சி சென்சார் மிரர்லெஸ் கேமரா ஒண்ணு, 18-55 கிட் லென்ஸ், 50 எம்எம் எஃப் 1.8, ட்ரைபாட், ஷாட்கன் மைக், பூம் ராட், கையடக்க ரெக்கார்டர், எல்இடி பேனல் ரெண்டு. தெர்மாகோல் நாங்க வாங்கிக்குவோம்.

15 வாரத்தை எப்படிப் பிரிக்கிறது? ஷூட்டிங்குக்கு எத்தனை நாள் வைக்கணும்? வழக்கமா எங்கே சொதப்பும்?

---

பட்டறை_ஆசிரியர்

கதையின் அளவு சரியாக இருக்கிறது. ஆனால் இந்தக் கதைக்கென்றே ஒரு சிக்கல் உண்டு: வீடு காலியாகிக்கொண்டே போகிறது. ஒரு முறை பீரோவை வெளியே எடுத்துவிட்டால், விட்டுப்போன காலை ஷாட்டுக்காக அதைத் திரும்ப உள்ளே வைக்க வேண்டியிருக்கும். அதனால் நடிகர் தேதியையோ வெளிச்சத்தையோ வைத்து ஷெட்யூல் போடாதீர்கள். அறை எவ்வளவு நிறைந்திருக்கிறது என்பதை வைத்துப் போடுங்கள். நிறைந்த வீடு முதல் நாள், பாதி வீடு இரண்டாம் நாள், வெறும் வீடு மூன்றாம் நாள் காலை. அன்று பிற்பகல் டீக்கடை. ஒவ்வொரு நிலை மாறும் முன்பும் அறையின் நான்கு மூலைகளிலிருந்தும் போனில் படம் எடுத்து வையுங்கள். கன்டினியூட்டி (ஷாட்டுக்கு ஷாட் பொருட்கள் இடம் மாறாமல் இருப்பது) பார்க்கிறவருக்கு அதுதான் ஆதாரம்.

மூன்று நாள் எப்படி வந்தது என்றால்: 7 நிமிடப் படத்துக்கு 35 கேமரா நிலைகள் தாராளம். 5 பேர் குழுவுக்கு, லைட் வைத்து, ஒத்திகை பார்த்து, மூன்று நான்கு டேக் எடுக்க ஒரு நிலைக்கு 40 நிமிடம் ஆகும். 12 நிலைக்கே 8 மணி நேரம் போய்விடும். ஒரு நாளைக்கு 20 நிலை என்று கால்ஷீட் போடும் குழுக்கள் மதியத்துக்கு மேல் குளோசப்களை வெட்ட ஆரம்பிக்கும். எடிட்டில் முதலில் தேடப்போவது அந்தக் குளோசப்களைத்தான். நான்காவது நாள் ஒன்றை ரிசர்வாக வீட்டுக்காரரிடம் இப்போதே கேட்டு வையுங்கள்.

முதல் மூன்று வாரம் படத்தைத் தொடாதீர்கள். பயிற்சி மட்டும், ஒவ்வொன்றிலும் பொறுப்புகளை மாற்றிக்கொண்டு. முதல் பயிற்சி வசனமே இல்லாதது: ஒருவர் கதவைத் திறந்து வந்து, காபி கலந்து, குடிக்கிறார். 5 ஷாட், கை அசைவின் நடுவில் கட் சேர வேண்டும். இரண்டாவது, எதிரெதிரே உட்கார்ந்து இருவர் பேசும் ஒரு பக்கம். மாஸ்டர் (இருவரும் தெரியும் முழுக் காட்சி), இரண்டு சஜஷன் (ஒருவரின் தோள் வழியாக மற்றவர்), இரண்டு குளோசப். இருவருக்கும் நடுவே ஓடுவதாக நினைத்துக்கொள்ளும் இமேஜினரி லைனைக் கேமரா தாண்டினால் என்ன ஆகும் என்று வேண்டுமென்றே ஒரு முறை தாண்டி எடுத்து, எடிட் செய்து பாருங்கள். லெஃப்ட் லுக், ரைட் லுக் குழப்பம் அதற்குப் பிறகு வராது. மூன்றாவது, படமே இல்லாமல் 2 நிமிடம் ஒலியில் மட்டும் ஒரு சம்பவம். பல குழுக்கள் இதைத் தவிர்த்துவிடும். உங்கள் கதைக்கு இதுதான் மிகவும் தேவை.

நான்கு, ஐந்தாம் வாரம் எழுத்து. ஒன்லைன் (கதைச் சுருக்கம்) எழுதி அது 8 வரிக்குள் நின்ற பிறகே வசனத்துக்குப் போங்கள். ஒரு பக்கம் ஒரு நிமிடம் என்ற கணக்கு ஆங்கிலத் திரைக்கதை வடிவத்துக்கானது. இடது பக்கம் காட்சி, வலது பக்கம் வசனம் என்று நம் வழக்கப்படி இரண்டு பத்தியாகப் பிரித்து எழுதினால் அந்தக் கணக்கு பொய்க்கும். ஸ்டாப்வாட்சை வைத்து, நடமாட்டத்துக்கும் நேரம் விட்டு, வாய்விட்டுப் படித்து அளந்துகொள்ளுங்கள். படிக்கும்போது 6 நிமிடம் வந்தால் படம் 7 ஆகும்.

ஆறாம் வாரம், படம் எடுக்கப்போகும் வீட்டிலேயே உட்கார்ந்து ஷாட் டிவிஷன் (ஒவ்வொரு சீனையும் ஷாட்டுகளாகப் பிரித்து எழுதுவது). ஏழாம் வாரம் ஒத்திகை. நடிகர்கள் வராவிட்டால் நீங்களே நின்று போனில் முழுப் படத்தையும் எடுத்து, வெட்டிப் பாருங்கள். 1919-இல் தொடங்கிய மாஸ்கோ திரைப்படப் பள்ளியில் பிலிம் சுருளுக்குப் பஞ்சம் வந்தபோது, சோவியத் இயக்குநர் குலெஷோவின் மாணவர்கள் பிலிமே இல்லாமல் காட்சிகளை ஷாட் ஷாட்டாக நடித்துப் பழகினார்கள். கருவி கைக்கு வரும் முன்பே எதை எங்கிருந்து பார்ப்பது என்று முடிவு செய்யும் பழக்கம் அப்படித்தான் வரும். எட்டாம் வாரம் ஷூட்டிங். 12ஆம் வார இறுதியில் எடிட் லாக், அதாவது அதன் பிறகு வெட்டில் மாற்றம் கிடையாது. கடைசி மூன்று வாரம் ஒலிக்கும் கலருக்கும் சப்டைட்டிலுக்கும்.

தயாரிப்புக் கோப்பில் ஷாட் டிவிஷன், கால்ஷீட், கன்டினியூட்டி ரிப்போர்ட்டோடு இரண்டு நடிகர்கள், வீட்டு உரிமையாளர், டீக்கடைக்காரர் ஆகியோரின் சம்மதக் கடிதங்களும் இருக்கட்டும். விழாக்களுக்கு அனுப்பும்போது கேட்பார்கள். படம் முடிந்த பிறகு ஆளைத் தேடிப் போய்க் கையெழுத்து வாங்குவது பெரிய பாடு.

ஒரு சின்ன விஷயம். மகள் தூக்கும் அட்டைப்பெட்டிகளுக்குள் பழைய புத்தகம், செய்தித்தாள் கட்டு என்று உண்மையான கனம் வையுங்கள். வெறும் பெட்டியை எவ்வளவு நன்றாக நடித்துத் தூக்கினாலும் தோளும் முதுகும் காட்டிக்கொடுத்துவிடும்.

---

பூம்_ராட்

10க்கு 12, மொசைக் தரை, அதுவும் காலி வீடு. மூணும் சேர்ந்தா வசனம் கிணத்துக்குள்ள இருந்து பேசற மாதிரி வரும். எக்கோ ஒரு தடவை ட்ராக்ல ஏறிட்டா சாஃப்ட்வேரால முழுசா எடுக்க முடியாது. அதனால அங்கேயே சரி பண்ணணும்.

முதல்ல தூரம். பூம் மைக் வாயிலிருந்து 40லிருந்து 60 சென்டிமீட்டருக்குள்ள, தலைக்கு மேல, முனை நெஞ்சுக்கும் வாய்க்கும் நடுவுல பார்க்கிற மாதிரி. தூரம் ரெண்டு மடங்கானா நேர்க் குரல் 6 டெசிபல் இறங்கும். அறையோட எதிரொலி அப்படியே நிக்கும். கெய்னை ஏத்தினா ரெண்டும் சேர்ந்துதான் ஏறும். கேமரா மேலயே ஷாட்கன் மைக்கை மாட்டி வைக்கிறது அதனாலதான் வேலைக்கு ஆகாது. ஒவ்வொரு ஷாட்டுக்கும் கேமராமேன்கிட்ட ஃப்ரேமோட மேல் எல்லை எதுன்னு கேட்டு, மைக்கை உள்ளே தெரியற வரைக்கும் இறக்கி, ஒரு கை அகலம் மேலே ஏத்தி நிறுத்துங்க.

ரெண்டாவது அறை. ஃப்ரேம்ல வராத தரை முழுக்க ஜமுக்காளம், கம்பளி. நடிகர் பார்த்துப் பேசற திசையில இருக்கிற சுவர்ல ஒரு மெத்தையைச் சாய்ச்சு வைங்க. காலி வீட்டு சீன்ல வைட் ஷாட்டை எக்கோவோட அப்படியே எடுக்கலாம். குளோசப் வரும்போது மட்டும் மெத்தை, கம்பளியைக் கொண்டுவாங்க.

இதுல உங்களுக்கு ஒரு அருமையான வாய்ப்பு இருக்கு. நிறைஞ்ச வீடு, பாதி வீடு, வெறும் வீடு மூணுக்கும் தனித்தனியா 60 விநாடி ரூம் டோன் (யாரும் பேசாதப்போ அறையில கேக்கற சத்தம்) எடுத்து வைங்க. எல்லாரும் அசையாம நிக்கணும். அதே மூணு நிலையிலயும் ஒரு தடவை கை தட்டி, ஒரு தடவை நடந்து பதிவு பண்ணுங்க. வீடு காலியாகறதை ஒரு வசனமும் இல்லாம காதே சொல்லிடும்.

ரெக்கார்டர்: வேவ், 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். சில ரெக்கார்டர்ல எம்பி3யும் 44.1ம் செட் ஆகியிருக்கும், பார்த்து மாத்துங்க. ஆட்டோ லெவல் ஆஃப். அடி இரைச்சலை வெட்டற லோ கட் 80 ஹெர்ட்ஸ். சாதாரணப் பேச்சு மைனஸ் 12 டெசிபலைத் தொட்டுத் திரும்பணும், கத்தற இடம் மைனஸ் 6ஐத் தாண்டக் கூடாது. ஒத்திகையில நடிகர் மெதுவாத்தான் பேசுவார், டேக்ல குரல் ஏறும். அந்த இடைவெளியை முன்கூட்டியே விட்டு வைங்க. ஷாட்கன் மைக் கண்டென்சரா இருந்தா ரெக்கார்டர் கேபிள் வழியா மைக்குக்குத் தர்ற 48 வோல்ட் பாண்டம் பவரை ஆன் பண்ணணும். அது பேட்டரியைச் சீக்கிரம் தின்னும், ஒரு நாளைக்கு ரெண்டு செட் கையில இருக்கட்டும். ஹெட்போன் இல்லாம ஒரு டேக் கூட எடுக்காதீங்க. மீட்டர் ஆடறதை வச்சு எக்ஸ்எல்ஆர் கேபிள் கரகரப்பைக் கண்டுபிடிக்க முடியாது.

ஃபேன், ஃப்ரிட்ஜ், இன்வெர்ட்டர் மூணும் டேக்ல ஆஃப். ஃப்ரிட்ஜை ஆஃப் பண்றவர் தன் பைக் சாவியை அதுக்குள்ளேயே வச்சிடணும். அப்பதான் கிளம்பும்போது மறக்காம ஆன் பண்ணுவார். அம்மா கேரக்டருக்குக் கண்ணாடி வளையல், மகளுக்குக் கொலுசு போடறீங்கன்னா அது ஃப்ரேம்ல தெரியற ஷாட்ல மட்டும் போடுங்க. சத்தத்தைத் தனியா எடுத்து, பின்னாடி நமக்கு வேணும்கிற அளவுல சேர்த்துக்கலாம்.

வீட்டை ஷூட்டிங் நேரத்துலயே போய்க் கேட்டீங்களா? ஞாயித்துக்கிழமை காலையில அமைதியா இருக்கிற தெரு செவ்வாய்க்கிழமை 11 மணிக்கு எப்படி இருக்கும்னு தெரியாது. மார்கழி காலையில பக்கத்துக் கோயில் ஸ்பீக்கரைக் கேட்டு பயந்துடாதீங்க. நீங்க எடுக்கப்போற பிப்ரவரியில அது இருக்காது. ஆனா எதிர் வீட்டுல கட்டட வேலை நடக்குதான்னு விசாரிச்சுக்கோங்க.

---

விஸ்காம்_ஆறாவது_செம்

ரொம்ப நன்றி சார், நன்றி அண்ணா. எங்க டீம்ல ஒருத்தர் "லைவ் சவுண்ட் ரிஸ்க், பைலட் ட்ராக் (டப்பிங்குக்கு வழிகாட்டற ஒலி) மட்டும் எடுத்துட்டு டப்பிங் போயிடலாம்"னு சொல்றார். சினிமாவுலயே அப்படித்தானே பண்றாங்கன்னு கேக்கறார். அம்மாவா நடிக்கிறவங்க மேடை நாடக அனுபவம் உள்ளவங்க, கேமரா முன்னாடி முதல் தடவை. அப்புறம், கேமரா செட்டிங்கும் யாராவது சொல்லுங்க.

---

பூம்_ராட்

டப்பிங்ல நல்ல நடிப்பு வாங்க முடியும், அதுல சந்தேகமே இல்லை. ஆனா அது தனித் திறமை. தன்னோட உதட்டைத் திரையில பார்த்துக்கிட்டே, ஆறு வாரத்துக்கு முன்னாடி இருந்த மனநிலையைத் திரும்பக் கொண்டுவரணும். முதல் தடவை பண்றவங்க உதட்டைப் பிடிப்பாங்க, உணர்ச்சியை விட்டுடுவாங்க. இன்னொண்ணு, டப்பிங் போட்டா வசனம் மட்டுமில்ல, காலடி, பெட்டி இழுக்கிறது, கதவு, புடவைச் சலசலப்பு எல்லாமே போயிடும். ஒண்ணுவிடாம ஃபோலி பண்ணணும், அதாவது படத்தைப் பார்த்துக்கிட்டே அந்தச் சத்தங்களைத் திரும்ப உண்டாக்கிப் பதியணும். 5 பேருக்கு அது ஒரு முழு வாரம்.

ஒவ்வொரு சீனும் முடிஞ்ச உடனே, கேமரா இல்லாம, அதே இடத்துல, மைக்கை ஒரு சாண் தூரத்துல வச்சு எல்லா வசனத்தையும் ரெண்டு தடவை பேச வைங்க. சூடு ஆறியிருக்காது, அதே வேகத்துல வரும். ஏதாவது வரியில ஆட்டோ சத்தம் ஏறியிருந்தா அந்த வரியை மட்டும் இதுலேருந்து எடுத்து ஒட்டிடலாம். 10 நிமிட வேலைதான்.

---

தெர்மாகோல்_போர்டு

ஏபிஎஸ்-சி சென்சார் ஃபுல் ஃப்ரேமை விடச் சின்னது, அதனால உங்க 50 எம்எம் அதுல 75 எம்எம் மாதிரி நடந்துக்கும். 10 அடி தள்ளி நின்னாலும் ஃப்ரேமோட உயரம் 80 சென்டிமீட்டருக்குள்ளதான், அதாவது இடுப்புக்கு மேலே மட்டும். அந்த அறையில வைட், மிட் எல்லாம் கிட் லென்ஸ்தான். 50ஐ குளோசப்புக்கு வச்சுக்கோங்க. அபர்ச்சரை (லென்ஸ் துவாரத்தை) 1.8ல திறந்து வைக்கிற ஆசை எல்லாருக்கும் வரும். ஒண்ணரை மீட்டர்ல ஃபோகஸ் ஆழம் சுமார் 6 சென்டிமீட்டர். அம்மா பேசிக்கிட்டே தலையைச் சாய்ச்சா கண் அவுட். எஃப் 4ல அது 14 சென்டிமீட்டர் ஆகும், சமாளிக்கலாம். கிட் லென்ஸ்ல ஜூம் பண்ணினா அபர்ச்சர் தானா 3.5லிருந்து 5.6க்கு மாறும். ஒரு சீன் முழுக்க 5.6லயே பூட்டுங்க, இல்லேன்னா ஷாட்டுக்கு ஷாட் வெளிச்சம் குதிக்கும்.

விநாடிக்கு 25 ஃப்ரேம், ஷட்டர் விநாடியில 50ல ஒரு பங்கு. நம்ம மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஷட்டரை 60ல வச்சா ட்யூப்லைட்டும் மலிவான எல்இடியும் ஃப்ரேம்ல பட்டை பட்டையா ஓடும். ஒயிட் பேலன்ஸ் ஆட்டோ வேண்டவே வேண்டாம். பகல் சீனுக்கு 5600 கெல்வின்னு கையால போடுங்க. வீட்டு ட்யூப்லைட்டை அணைச்சிடுங்க, அதோட பச்சைச் சாயல் முகத்துல ஒரு பக்கம் மட்டும் விழுந்தா கலர்ல பிரிச்சு எடுக்கிறது கஷ்டம்.

லைட்டுக்கு ஜன்னல்தான் உங்க பெரிய விளக்கு. நடிகரை ஜன்னலுக்குப் பக்கவாட்டுல நிறுத்தி, வெளிச்சத்தைத் திருப்பி அடிக்க மறுபக்கம் தெர்மாகோல் வைங்க. நிறைஞ்ச வீட்டுக்கு இதமா இருக்கும். வீடு காலியாகற சீன்கள்ல தெர்மாகோலை எடுத்துட்டு அதே இடத்துல கறுப்புத் துணி கட்டுங்க. நிழல் பக்கம் இறங்கும், முகம் தனிச்சு நிக்கும். பேனல் ரெண்டையும் மேகம் மூடறப்போ ஜன்னலுக்கு வெளியிலிருந்து ட்ரேசிங் பேப்பர் வழியா அடிக்க வச்சுக்கோங்க. வாடகைக்குப் பெரிய விளக்கு எடுத்தா: 1000 வாட் விளக்கு 230 வோல்ட்ல 4 ஆம்பியருக்கு மேல இழுக்கும், சாதாரண பிளக்ல தாராளமா ஓடும். 2000 வாட்டை ஏசி பிளக்லதான் போடணும்.

லாக் ப்ரொஃபைல்ல (பின்னாடி கலர் பண்றதுக்காக வெளுப்பாப் பதியற முறை) எடுக்காதீங்க. 8 பிட் கேமராவா இருந்தா வெறும் சுவர்ல கலர் படிப்படியா உடைஞ்சு தெரியும். உங்க படத்துல பாதி ஃப்ரேம் வெறும் சுவர்.

---

டைம்லைன்_வேலை

மேலே சொன்னதில் ஒரு திருத்தம். 25 ஃப்ரேம் தவறில்லை, யூட்யூபோடு நின்றால் எதுவும் ஓடும். ஆனால் பின்னாளில் ஒரு விழாவில் தியேட்டரில் திரையிட டிசிபி (டிஜிட்டல் தியேட்டருக்கான ஃபைல் தொகுப்பு) கேட்டால் எல்லா இடத்திலும் சிக்கலில்லாமல் ஓடுவது 24தான். 24 ஃப்ரேமில் ஷட்டரை அதே 50ல் ஒரு பங்காக வைத்தால் பட்டையும் வராது, அசைவும் இயல்பாக இருக்கும். எதை எடுத்தாலும் கடைசி வரை அதிலேயே இருங்கள். போனில் ஏதாவது ஷாட் எடுத்தால் அது பெரும்பாலும் 30ல், அதுவும் மாறிக்கொண்டே இருக்கும் ஃப்ரேம் ரேட்டில் பதிவாகும். எடிட்டில் ஒலி மெல்ல மெல்ல விலகிப் போகும். ஃப்ரேம் ரேட்டைப் பூட்டக்கூடிய கேமரா ஆப்பில் எடுங்கள்.

ஏழாம் வாரம் ஒத்திகையோடு ஒரு முழு ஓட்டம் பாருங்கள்: ஒரே ஒரு ஷாட்டை நிஜக் கேமராவிலும் ரெக்கார்டரிலும் எடுத்து, காப்பி செய்து, சிங்க் செய்து, வெட்டி, எக்ஸ்போர்ட் வரை. டாவின்சி ரிசால்வ் இலவசப் பதிப்பு உங்களுக்குப் போதும். ஆனால் உங்கள் கேமரா ஃபைலை லேப் கம்ப்யூட்டர் திறக்கிறதா, திணறினால் ப்ராக்ஸி (எடிட்டுக்கான சின்ன அளவு நகல்) போட வேண்டுமா என்பது ஷூட்டிங்குக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

கிளாப் அடிக்கும்போது சீன், ஷாட், டேக் மூன்றையும் வாயால் சொல்லுங்கள். "சீன் 4, ஷாட் 2, டேக் 3." ரெக்கார்டர் ஃபைலில் எழுத்து தெரியாது, குரல்தான் அடையாளம். அடிக்கும் நொடி கேமராவுக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும். ஆரம்பத்தில் விட்டுப்போனால் ஷாட் முடிவில் தலைகீழாகப் பிடித்து அடியுங்கள்.

4கேயில் 100 மெகாபிட் என்றால் ஒரு மணி நேரம் 45 ஜிபி. மூன்று நாளும் சேர்ந்து 2 மணி நேரம் ஓடினால் 90 ஜிபி. இரண்டு தனித்தனி ஹார்ட் டிஸ்க், இரண்டு பேர் வீட்டில். இரண்டிலும் காப்பி ஆகி, ஒவ்வொன்றிலிருந்தும் சில கிளிப்புகளைத் திறந்து கடைசி விநாடி வரை ஓட்டிப் பார்த்த பிறகே கார்டை ஃபார்மட் செய்யுங்கள். ஷூட்டிங் நடக்கும்போது அவசரத்தில் கார்டை அழிக்கும் பொறுப்பு ஒருவருக்கு மட்டும் இருக்கட்டும். இரண்டு பேர் தொட்டால் "நீ காப்பி பண்ணிட்டேன்னு நெனச்சேன்" என்று முடியும்.

எல்லா சீனையும் வரிசையாக ஒட்டிய முதல் அசெம்ப்ளி 10 நிமிடம் வரும். அதைப் பார்த்து மனம் தளர வேண்டாம், எல்லாருக்கும் அப்படித்தான். சீனின் முதல் வரியையும் கடைசி வரியையும் எடுத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள், பல சீன்களில் அவை தேவையே இருக்காது. சப்டைட்டில் இரண்டு வரிக்கு மேல் போகக் கூடாது, ஒரு வரிக்கு 42 எழுத்து, குறைந்தது ஒரு விநாடி நிற்க வேண்டும். இறுதி மிக்ஸை ஹெட்போனில் மட்டும் கேட்டு முடிக்காமல், திரையிடப் போகும் செமினார் ஹாலிலேயே ஒரு முறை போட்டுக் கேளுங்கள். ஹாலின் எக்கோவும் உங்கள் காலி வீட்டு எக்கோவும் சேர்ந்தால் வசனம் கரைந்துவிடும். அப்போது ரூம் டோனையும் இசையையும் இறக்க நேரம் இருக்க வேண்டும்.

---

விஸ்காம்_ஆறாவது_செம்

24, ஷட்டர் 50ன்னு எழுதி வச்சுட்டோம். ரூம் டோன் மூணு நிலையிலயும் எடுக்கிறதை ஷாட் டிவிஷன்லயே தனி வரியா சேர்த்துட்டோம். கடைசியா ஒண்ணு: டீக்கடை சீன். மகள் தனியா நின்னு போன்ல பேசற மாதிரி, நாலு வரி வசனம். வெளிச்சமும் சத்தமும் நம்ம கையில இல்லையே?

---

தெர்மாகோல்_போர்டு

மதியம் ரெண்டரையிலிருந்து நாலுக்குள்ள கூட்டம் குறைவு. நல்ல வெயில்ல ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 50ன்னா எஃப் 22 வரைக்கும் மூட வேண்டி வரும். எஃப் 4 வேணும்னா 5 ஸ்டாப் (ஒரு ஸ்டாப்னா வெளிச்சம் பாதி) குறைக்கணும், அதாவது வெளிச்சத்தை மட்டும் குறைக்கிற என்டி 32 ஃபில்டர். ஷட்டரை ஏத்தி சமாளிக்காதீங்க, அசைவு வெட்டி வெட்டித் தெரியும். ஃபில்டர் வாங்கும்போது லென்ஸ் முன்பக்க அளவைப் பார்த்துக்கோங்க, கிட் லென்ஸுக்கும் 50க்கும் வேற வேற இருக்கலாம். மகளைக் கடைக் கூரையோட நிழலுக்குள்ள நிறுத்தினா குறைஞ்சது ரெண்டு ஸ்டாப் குறையும், முகத்துல கடும் நிழலும் விழாது.

---

பூம்_ராட்

கடையில ஓடற எஃப்எம்மை நிறுத்தச் சொல்லிக் கேளுங்க. பின்னாடி சினிமாப் பாட்டு ஓடினா கட் பண்ற இடத்துல எல்லாம் பாட்டு தாண்டித் தாண்டிப் போகும், காப்பிரைட் க்ளெய்மும் வரும். பாய்லர் இரைச்சலுக்கு எதிர்ப்பக்கம் பார்த்து மைக் இருக்கணும், மகளோட முதுகு தெருவுக்கு. ஒரு டேக்கை முழுசா ஒரே நீளத்துல எடுங்க. போன் பேச்சுங்கறதால உதடு மறையற மாதிரி கொஞ்சம் பின்பக்கத்துலேருந்து ஒரு ஷாட் வச்சுட்டீங்கன்னா, அன்னைக்கே பக்கத்துல நிக்கிற காருக்குள்ள கண்ணாடியை ஏத்திட்டு அந்த நாலு வரியையும் பேச வச்சு எடுத்துக்கலாம். அப்புறம் கிளாஸ் கழுவற சத்தம், டீ ஆத்தற சத்தம், தெருச் சத்தம் மூணும் தனித்தனியா ரெண்டு ரெண்டு நிமிஷம்.